புளுகுக்கு ஓர் அரிச்சுவடி

என் பெரிய மாமா பட்டத்தில் பறந்தவர்.

அவர் சொல்வது அப்படி. தைப்பொங்கலுக்கு ஒரு கிழமை முன்னே, வாடைக்காற்று பிய்த்துக்கொண்டு அடித்த ஒரு பின்னேரம், யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கடற்கரையில் மாமாவும் கூட்டாளிமாரும் ஒரு எட்டுமூலைப் பட்டம் ஏற்றினார்கள். பட்டம் ஆள் உயரத்தைப்போல இரண்டு மடங்கு. பட்டத்தைக் கயிற்றோடு பிணைக்கிற முச்சையைக் கட்டியவர் மாமா, காற்றில் கூவுகிற விண்ணைப் பூட்டியவரும் மாமாதான். ஆறு பேர் கயிற்றைப் பிடித்திருந்தார்கள். காற்று ஒரு உதறு உதறியதும் ஐந்து பேர் கையை விட்டுவிட்டார்கள். மாமா விடவில்லை. “புதுக் கயிறு, ஆச்சி கச்சான் வித்த காசிலை வாங்கித் தந்தது. எப்பிடி விடுறது?” ஆகவே மேலே போனார். தென்னைக்கு மேலே, பனை வட்டுக்கும் மேலே. பனையைத் தாண்டும்போது பக்கத்தில் ஒரு குலை நுங்கு தெரிந்தது. ஒரு கையை விட்டால் எட்டும், ஆனால் சீவக் கத்தி இல்லையே என்று யோசித்துக்கொண்டே போய், தொண்டைமானாற்றுப் பக்கம் மணலில் இறங்கினார். செருப்பு ஒன்றுதான் காணாமற்போனது.

விறாந்தையில் சாய்மனைக் கதிரை, கையில் பிளேன்ரீ, வாயில் பனங்கட்டித் துண்டு. நாங்கள் ஏழெட்டுப் பொடியள் கீழே சீமெந்தில். ஒருவரும் மூச்சு விடவில்லை. எங்களுக்குள் மூத்த அண்ணா மட்டும் மெல்லக் கேட்டார்: “தை மாதத்திலை நுங்கோ மாமா?”

தையில் கிடைப்பது பனங்கிழங்கு. நுங்கு வெயில் காலத்துச் சாமான். மாமா கோபிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்தார். கடைசி வாங்கில் ஒரு கெட்டிக்காரனைக் கண்டுபிடித்த வாத்தியாருடைய முகம் அவருக்கு வந்தது. “இண்டைக்கு ஒருத்தன் முழிச்சிருக்கிறான்” என்றார்.

அந்த நுங்கை அவர் தெரிந்துதான் அங்கே வைத்தார் என்பது எனக்குப் பிடிபட இருபது வருடம் எடுத்தது. புளுகு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் அந்த நுங்கிலிருந்துதான் நான் தொடங்குவேன்.

பொய் வேறு, புளுகு வேறு

காய்ச்சலென்று சொல்லிப் பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் போடுவது பொய். பாலில் தண்ணீர் கலந்து “கறந்த பால் அக்கா” என்று விற்பது பேய்க்காட்டல். பக்கத்து வீட்டுப் பெட்டை யாரோடு பஸ்ஸில் போனாள் என்று வேலியோரம் கதைப்பது விடுப்பு. இந்த மூன்றிலும் ஒரு பொதுக் குணம் உண்டு: சொல்பவர் எதையோ மறைக்கிறார், அல்லது எதையோ பறிக்கப் பார்க்கிறார். புளுகில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்குத் தெரியும் என்பது கேட்பவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே இரண்டு பேரும் சேர்ந்து விளையாடுகிற விளையாட்டு அது. அண்டப்புளுகு, ஆகாசப்புளுகு என்று அளவுக்குத் தக்க பெயரும் வைத்திருக்கிறோம். “அவிட்டு விடுறார்”, “வண்டில் விடுறார்” என்று சொல்லும்போதுகூட யாழ்ப்பாணத்துக் குரலில் கோபத்தைவிட ரசனைதான் கூட இருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எங்கள் பேச்சில் புளுகம் என்றொரு சொல் உண்டு. “மகள் கம்பசுக்கு எடுபட்டிட்டாள், தாய்க்குச் சரியான புளுகம்” என்றால் தாய் பொய் சொல்கிறாள் என்று அர்த்தமில்லை. நிலத்தில் கால் படாத சந்தோசம் என்று அர்த்தம். புளுகும் புளுகமும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் போலத்தான் என் காதுக்குக் கேட்கும்.

புலவர்களும் கூட்டித்தானே சொல்கிறார்கள், அதற்கு உயர்வு நவிற்சி அணி என்று பெயரே இருக்கிறதே என்று கேட்கலாம். அது வேறு சங்கதி. காதலியின் முகம் வீசிய ஒளியில் வானத்து நிலாவே மங்கிப்போனது என்று புலவர் பாடினால், அது எத்தனையாம் திகதி என்று ஒருவரும் கேட்பதில்லை. புளுகருக்குத் திகதி வேண்டும். எந்த ஊர், எந்த ஒழுங்கை, பக்கத்தில் யார் நின்றது, எத்தனை மணிக்கு, செருப்பு எந்தக் காலில் தொலைந்தது என்பதெல்லாம் வேண்டும். புலவர் வானத்தைப் பார்த்துப் பாடுகிறார். புளுகர் நிலத்தில் அளந்து காட்டுகிறார்.

ஐதீகத்தையும் புளுகோடு சேர்த்துக் கட்டக்கூடாது. குதிரை முகம் கொண்ட சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கீரிமலையில் நீராடி முகம் மாறப்பெற்றாள், மா விட்ட புரம் மாவிட்டபுரம் ஆனது என்று ஆச்சி சொன்னது கைகூப்பிக்கொண்டு. அதில் கண்சிமிட்டல் இல்லை. கண்சிமிட்டல் இல்லாத இடத்தில் புளுகும் இல்லை.

அப்புறம் அதன் உறுப்புகள். முதலாவது, தொடக்கம் முழுக்க மெய்யாக இருக்க வேண்டும். பட்டம் மெய், வாடைக்காற்று மெய், விண் கூவுவது மெய். கேட்பவர் தலையாட்டிக்கொண்டே நாலு படி ஏறிவிட வேண்டும், ஐந்தாவது படிதான் அந்தரத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது, எண். “நிறையப் பேர்” என்றால் சந்தேகம் வரும், “பதினேழு பேர்” என்றால் வராது. பனைக்கு எத்தனை பயன் என்று எங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள், “எண்ணூற்றொண்டு” என்று பதில் வரும். தாலவிலாசம் என்ற பழைய பாட்டு நூல் சொல்கிற கணக்கு அது, 801. எண்ணூறு என்று நின்றிருந்தால் யாராவது குறுக்குக் கேள்வி கேட்டிருப்பார்கள். அந்தக் கடைசி ஒன்று எல்லோருடைய வாயையும் அடைத்துவிட்டது. நான் ஒருமுறை ஆச்சியை இருத்தி எண்ணச் சொன்னேன். ஓலை, மட்டை, ஈர்க்கு, நார், கள்ளு, கருப்பணி, பனங்கட்டி, நுங்கு, பனங்காய், பனாட்டு, கிழங்கு, ஒடியல், புழுக்கொடியல், வளை, சிலாகை என்று வேகமாகப் போய் முப்பத்தெட்டில் மூச்சு வாங்கினா. பிறகு, “முப்பத்தொன்பது, உன்னைப்போல விடுப்புக் கேக்கிற பொடியளுக்கு அடிக்கிற மட்டை” என்றா. மட்டையை ஏற்கனவே எண்ணிவிட்டீர்கள் என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

மூன்றாவது உறுப்பு சாட்சி. புளுகின் சாட்சிக்காரர் ஒன்றில் இறந்துபோயிருப்பார், அல்லது கனடாவில் இருப்பார். நாலாவது, மறுக்க முடியாத மறுமொழி. இதைத்தான் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நானே அடிபட்டிருக்கிறேன்.

தேசிக்காய்ப் பரிசோதனை

புத்தூருக்குப் பக்கத்தில் நவக்கிரியில் நிலாவரைக் கிணறு இருக்கிறது. இராமர் இலங்கைக்கு வந்தபோது வானரப் படைக்குத் தாகம் எடுக்க, அம்பை நிலத்தில் ஊன்றி உண்டாக்கிய ஊற்று என்பது ஐதீகம். அடியே இல்லாத கிணறு என்பது ஊர்ப் பேச்சு. அதில் ஒரு தேசிக்காயை, அதாவது எலுமிச்சங்காயை, போட்டால் அது நிலத்துக்குக் கீழால் போய்க் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்பது, யாழ்ப்பாணத்தில் பிறந்த எந்தப் பிள்ளையும் ஒருமுறையாவது கேட்ட கதை.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கும் மச்சானுக்கும் பன்னிரண்டு வயது. மூன்று தேசிக்காய் எடுத்து, மை நல்லாய்ப் பிடிக்கட்டும் என்று தோலை ஊசியால் கீறி, என் பெயரின் முதலெழுத்தையும் அவன் பெயரின் முதலெழுத்தையும் எழுதினோம். ஒரு சைக்கிள், முன் பாரில் அவன். கிணற்றுப் படியில் இறங்கி மூன்றையும் போட்டோம். நவக்கிரியிலிருந்து கீரிமலை குறுக்காகப் பறந்தாலே பத்துக் கிலோமீற்றர் அளவில் வரும். புன்னாலைக்கட்டுவன், தெல்லிப்பழை என்று உழக்கிப் போய்ச் சேர்ந்து, கேணிக்கட்டில் குந்தியிருந்தோம். பக்கத்தில் கடல், நடுவில் ஒரு சுவர், இந்தப் பக்கம் நல்ல தண்ணீர். குளிக்க வந்தவர்கள் எல்லோரும் எங்களை விலத்திக்கொண்டு குதித்தார்கள். மூன்று மணி, நாலு மணி, ஐந்து மணி. ஒரு பெரியவர் “என்ன தம்பியவை, ஆரைத் தேடுறியள்?” என்று கேட்டார். “தேசிக்காய்” என்றோம். அவர் சிரிக்கவில்லை. “அது வெள்ளிக்கிழமையிலைதான் வரும்” என்று சொல்லிவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு போனார். அன்று செவ்வாய்க்கிழமை.

வீட்டுக்கு வந்து மாமாவிடம் முறையிட்டோம். கதையை முதலில் சொன்னவரே அவர்தானே. மாமா கேட்ட முதல் கேள்வி: “எதிலை போனனியள்?”

“சைக்கிளிலை.”

“பின்னை என்ன? நீங்கள் சைக்கிளிலை போய்ட்டியள். தேசிக்காய் நடந்தெல்லோ வரவேணும். நாளைக்குப் போய்ப் பாருங்கோ.”

இதுதான் மறுக்க முடியாத மறுமொழி. நாளைக்குப் போய்ப் பார்த்திருந்தால், அது முந்தின இரவே வந்துவிட்டது, யாரோ எடுத்து ஊறுகாய் போட்டுவிட்டார்கள் என்றிருப்பார்.

ஆனால் அன்று இரவு படுத்திருக்கும்போது மச்சான் ஒரு விசயம் சொன்னான். நாங்கள் கிணற்றை விட்டு வெளிக்கிட்ட நேரம் மூன்று தேசிக்காயும் தண்ணீருக்கு மேலேதான் மிதந்துகொண்டிருந்தன. மிதக்கிற காய் கீழால் எப்படிப் போகும்? சரி, தாழ்கிற காயாகப் பார்த்துப் போட்டாலும், தாழ்கிற காய் கீரிமலையில் எப்படி மேலே வரும்? நிலாவரையில் தாழ்ந்து கீரிமலையில் மிதக்க, காய் நடுவழியில் மனம் மாற வேண்டும். கதையின் ஓட்டை அங்கேதான் இருக்கிறது, எல்லோருக்கும் முன்னால், தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு. இத்தனை காலம் கேட்டவர்கள் யாருக்கும் தெரியாமலா இருந்திருக்கும்?

மெய் எது என்றும் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கிறது. மயோசீன் காலத்தில் கடலடியில் படிந்த கல். மழைத்தண்ணீர் அதற்குள் இறங்கி, கல்லை மெல்ல மெல்லக் கரைத்து, பொந்தும் குகையுமாக ஆக்கிவைத்திருக்கிறது. அப்படி ஒரு குகையின் கூரை இடிந்து விழுந்த இடம்தான் நிலாவரை. அடி உண்டு, ஏறத்தாழ 50 மீற்றர் ஆழத்தில். மேலே நல்ல தண்ணீர், கீழே போகப் போக உவர், அடியில் கடல் உப்பு. நல்ல தண்ணீர் பாரம் குறைந்தது என்பதால் உப்புத் தண்ணீருக்கு மேல் எண்ணெய் போலக் கிடக்கிறது. அளவு மீறி இறைத்தால் கீழ் உப்பு மேலே வந்துவிடும். எமர்சன் ரெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி 1859இல் வெளியிட்ட தன் இலங்கை நூலில் இந்தப் புத்தூர்க் கிணற்றைப்பற்றி எழுதியிருக்கிறார். கீரிமலை ஊற்றும் அதே சுண்ணாம்புக்கல் பொந்துகளின் வழியாகக் கடலைத் தேடிப் போகிற நல்ல தண்ணீர்தான்.

ஆகவே தேசிக்காய் புளுகு. ஆனால் எங்கள் காலடியில் நிலம் ஓட்டை, தண்ணீர் கீழால் கடலுக்குப் போகிறது என்ற செய்தி அதற்குள் இருக்கிறது. புவியியல் படிக்காத ஆட்கள் அதை ஒரு காயில் கட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

எது மெய்யென்று பார்ப்போம்

ஒரு சின்ன விளையாட்டு. கீழே வருகிற நாலில் ஒன்று மட்டும் புளுகு. காரைநகருக்கு ஒருகாலம் ஆம்ஸ்டர்டாம் என்று பெயர். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலுக்குள் நிற்கிற கோட்டைக்குப் பன்றித்தொடையின் பெயர். நெடுந்தீவுக் குதிரைகள் ஒல்லாந்து பாசையில் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கும். வலிகாமத்தில் ஒரு ஆறு இருக்கிறது, வருடத்தில் பல மாதம் அதற்குள்ளே சைக்கிள் ஓடலாம்.

வெளியூர்க்காரர் அநேகமாகப் பன்றித்தொடையைக் கைகாட்டுவார். அது முழு மெய். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். நெடுந்தீவு டெல்வ்ற் ஆனது, வேலணை லைடன் ஆனது, இப்போது காரைநகர் என்கிற காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆனது. கோட்டைக்கு வைத்த பெயர் ஹம்மன்ஹீல், பன்றித்தொடையின் குதி என்று பொருள். வரைபடத்தில் இலங்கையைப் பார்த்தபோது உப்புக்கண்டம் போட்ட பன்றித்தொடை போல அவர்களுக்குத் தெரிந்ததாம், கோட்டை இருந்த இடம் அதன் குதி. நாங்கள் மாம்பழம் என்கிறோம், வேறு சிலர் கண்ணீர்த்துளி என்கிறார்கள். ஒல்லாந்தருக்கு அன்று நல்ல பசி போல.

ஆறும் மெய். வழுக்கையாறு. மாரியில் ஓடும், கோடையில் அதன் படுக்கை வயலோடு வயலாகக் கிடக்கும். “உங்கடை ஊரிலை ஆறு இருக்கோ?” என்று மட்டக்களப்பு நண்பன் கேட்டால் “இருக்கு, தண்ணிதான் லீவு” என்போம்.

குதிரைதான் புளுகு. அது என் சொந்தத் தயாரிப்பு. குதிரைகள் மெய்தான், ஐரோப்பியர் காலத்தில் கொண்டுவந்து வளர்த்த குதிரைகளின் வழி வந்தவை நெடுந்தீவு வெளிகளில் இன்றும் காட்டுக் குதிரைகளாகத் திரிகின்றன. குறிகட்டுவான் துறையில் படகுக்குக் காத்திருந்த ஒரு நாள், பொழுது போகாமல் இந்த ஒல்லாந்துக் கதையைக் கூட வந்தவர்களிடம் அவிட்டு விட்டேன். பக்கத்தில் கயிறு சுற்றிக்கொண்டிருந்த நெடுந்தீவு ஐயா ஒருவர் நிமிர்ந்தும் பார்க்காமல் கேட்டார்: “அப்ப தம்பி, போர்த்துக்கேயத்திலை கூப்பிட்டா உதைக்குமோ?”

ஒல்லாந்தருக்கு முன் இருந்தவர்கள் போர்த்துக்கேயர், இரண்டு பேரும் பரம எதிரிகள் என்பது தெரிந்தவர்தான் அந்தக் கேள்வியைக் கேட்க முடியும். என் புளுகு அங்கே செத்துவிட்டது, ஆனால் நல்ல கையால் செத்தது.

இந்த இடத்தில்தான் எனக்கு மாமாவின் நுங்கு விளங்கியது. புளுகு அறியாதவரை ஏமாற்றுவதற்கு அல்ல. அறிந்தவரைத் தேடுவதற்கு. தையில் நுங்கு இல்லை என்று தெரிந்த பிள்ளைக்குத்தான் அது பகிடி, தெரியாத பிள்ளைக்கு அது வெறும் தகவல். ஊரை எவ்வளவு நன்றாகத் தெரியுமோ அவ்வளவு நன்றாகச் சிரிக்கலாம்.

தெரியாதவரிடம் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு உலகப் பிரசித்தமான உதாரணம் ஒன்று இருக்கிறது. 1957 ஏப்ரல் 1ஆம் திகதி பி.பி.சி. தொலைக்காட்சி, சுவிற்சர்லாந்தில் ஒரு குடும்பம் மரத்திலிருந்து ஸ்பகெற்றி பறிப்பதைக் காட்டியது. கிளைகளில் நூடில்ஸ் தொங்கியது, பெண்கள் கூடையில் சேர்த்து வெயிலில் காயப்போட்டார்கள். பலர் நம்பிவிட்டார்கள். இந்த மரத்தை வீட்டில் எப்படி வளர்ப்பது என்று தொலைபேசியில் கேட்டவர்களும் உண்டு. அன்றைய இங்கிலாந்தில் ஸ்பகெற்றி பலர் வீட்டில் சமைக்காத சாப்பாடு. மாவில் செய்வது என்று தெரிந்தவர் சிரித்தார், தெரியாதவர் தோட்டத்தில் இடம் பார்த்தார்.

இதே பிழையை நானும் செய்திருக்கிறேன். ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த மருமகள், பத்து வயது, பனாட்டைக் கையில் வைத்துக்கொண்டு “இது எப்பிடி வாறது மாமா?” என்று கேட்டாள். பனைமரத்துப் பட்டையைத் தாள் உரிக்கிற மாதிரி உரித்து எடுப்பது என்றேன். எங்கள் ஊர்ப் பிள்ளையாக இருந்தால் அந்த இடத்திலேயே முதுகில் ஒன்று போட்டிருக்கும். அவள் தலையாட்டினாள். போய், பள்ளிக்கூடத்தில் விடுமுறை அனுபவம் எழுதும்போது அப்படியே எழுதி, படமும் கீறிவிட்டாள். தங்கச்சி போன் எடுத்து எனக்குத் தந்த பேச்சு இங்கே எழுதக்கூடியதல்ல. பனங்களியைப் பாயில் பரவி வெயிலில் காயவைத்து எடுப்பதுதான் பனாட்டு என்று படம் பிடித்து அனுப்பிய பிறகுதான் ஆறினாள். நான் செய்தது புளுகு அல்ல, பேய்க்காட்டல். எதிர்ப்பக்கத்தில் ஆள் இல்லாத கிளித்தட்டு விளையாட்டு.

வாட்ஸ்அப்பில் வருகிற “இந்த இலையை மூன்று நாள் குடித்தால் நீரிழிவு பறக்கும்” வகையறாவும் அதே கூட்டம்தான். அதில் எண் இருக்கும், சாட்சி இருக்கும், வெளிநாட்டு வைத்தியர்கூட இருப்பார். கண்சிமிட்டல் மட்டும் இருக்காது.

போட்டி வைக்கிற நாடும் உண்டு. இங்கிலாந்தின் கம்பிரியாப் பகுதியில், சன்ரன் பிரிட்ஜ் என்ற ஊரில், உலகப் பெரும்புளுகரைத் தெரிவுசெய்யும் போட்டி நடக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பக்கம் மதுக்கடை நடத்திய வில் றிற்சன் என்ற புளுகரின் ஞாபகமாக. தங்கள் ஊர் கிழங்குகள் பெருத்துப்போய், ஆட்கள் அவற்றைக் குடைந்து ஆட்டுக்கொட்டில் ஆக்குகிறார்கள் என்று சொன்ன மனிசன் அவர். அரசியல்வாதிகளும் சட்டத்தரணிகளும் இதில் போட்டியிட முடியாது, அவர்களுக்கு ஏற்கனவே பயிற்சி கூட என்பது விதி. விதியும் மெய், போட்டியும் மெய். யாழ்ப்பாணத்தில் வைத்தால் அந்த விதியால் பாதி ஊர் வெளியே நிற்க வேண்டிவரும்.

எங்கள் பக்கத்தில் வேறொரு சிக்கலும் உண்டு: மெய்யே புளுகை மிஞ்சிவிடுகிறது. வல்வெட்டித்துறையில் கட்டிய ஒரு பாய்க்கப்பல் அமெரிக்கா போனது என்று சொன்னால் யார் நம்புவார்? அன்னபூரணி அம்மாள் என்ற அந்தக் கப்பலை ஒரு அமெரிக்கர் வாங்க, வல்வெட்டித்துறைக் கடலோடிகளோடு அது 1938இல் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்தது. அதே ஊரின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து இந்தியாவைத் தொட்டு, திரும்பவும் நீந்தி வந்தார், மொத்தம் 51 மணித்தியாலம். அதே மனிதர் 1980இல் ஒற்றைக்காலில் 33 மணித்தியாலம் நின்று உலக சாதனையும் வைத்தார். 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தப் போய் அங்கேயே இறந்துபோனார். ஒற்றைக்கால் சங்கதியை மாமா சொல்லியிருந்தால் நாங்கள் ஒருவரும் நம்பியிருக்க மாட்டோம். பேப்பரில் வந்ததால் நம்பினோம்.

படகெடுத்துப்போய் அக்கரையில், தமிழ்நாட்டில், எம்.ஜி.ஆர். படம் பார்த்துவிட்டு விடிய முதல் திரும்பிய கதை வடமராட்சியில் எந்தத் தேத்தண்ணிக் கடையிலும் கிடைக்கும். என் தராசில் அது முக்கால் மெய். மிச்சக் காலில், எந்தப் படம் என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள்.

நீங்களும் சொல்லிப் பார்க்க ஆசைப்பட்டால் இரண்டு சொல். கதையில் நீங்கள் வீரனாக இருக்காதீர்கள். ஜெயிப்பவன் கதை தம்பட்டமாகிவிடும், செருப்பைத் தொலைத்தவன் கதைதான் புளுகாகும். இன்னொன்று, உங்கள் நுங்கை எங்கே வைத்தீர்கள் என்பதைக் காட்டிக்கொடுக்காதீர்கள். யாரும் பிடிக்காவிட்டால் பேசாமல் பிளேன்ரீயைக் குடித்துவிட்டு எழும்பிவிடுங்கள். விளங்கப்படுத்தினால் கெட்டது.

2021 டிசம்பரில் ஒரு வீடியோ உலகமெல்லாம் சுற்றியது. பருத்தித்துறைப் பக்கம் சில பொடியள் பெரிய பட்டம் ஒன்று ஏற்றுகிறார்கள். வரிசையாகக் கயிற்றைப் பிடித்திருக்கிறார்கள். காற்று இழுக்கிறது, மற்றவர்கள் கையை விடுகிறார்கள், ஒருவர் மட்டும் விடவில்லை. கயிற்றோடு மேலே போகிறார். முப்பது நாற்பது அடி இருக்கும். கீழே நிற்பவர்கள் கயிற்றை விடு விடு என்று கத்துகிறார்கள். கொஞ்ச நேரம் அந்தரத்தில் தொங்கி, பட்டம் தாழ்ந்தபோது கையை விட்டு விழுந்து, சின்னக் காயத்தோடு தப்பிவிட்டார்.

அதை எனக்கு அனுப்பியது நுங்குக் கேள்வி கேட்ட அண்ணா, இப்போது லண்டனில் இருக்கிறார். கூட ஒரே ஒரு வரி: “கடவுளே, மாமா சொன்னது உண்மையடா.”

மாமாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அதே விறாந்தை, கதிரையின் துணியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். போனை அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறை பார்த்தார். திரும்பப் போடச் சொல்லி இன்னொருமுறை பார்த்தார். “முச்சை சரியில்லை” என்றார். பிறகு போனைத் திருப்பித் தந்தார்.

“இது என்ன, நாப்பது அடிதானே. நான் போன அண்டைக்குக் கீழை பாத்தா கோடிக்கரை வெளிச்சவீடு தெரிஞ்சது.”

“போன முறை தொண்டைமானாறு எண்டெல்லோ சொன்னனீங்கள்?”

“அது இறங்கின இடம்” என்றார் மாமா.